ஈரம் படாத கால்

எங்கள் தெருவில் என் இடது காலை முழுசாகப் பார்த்தவர்கள் அநேகமாக யாரும் கிடையாது. புடவையை இறக்கித்தான் கட்டுவேன். உட்கார்ந்தால் வலது காலை மேலே போட்டு மறைத்துக்கொள்வேன். கல்யாணம் காட்சி என்றால் கடைசி வரிசை. பந்தியில் தரையில் உட்காரச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, சாப்பிடாமலே மொய் எழுதிவிட்டு வந்த வீடுகளும் உண்டு. அப்படிப்பட்டவளைப் போய், காலைப் பற்றி எழுதச் சொன்னார் எங்கள் ஊர் நர்சம்மா. "நீங்கதான் அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கீங்களே ஆயா, எழுதிக் குடுங்க. மத்த ஊரு பொம்பளைங்களுக்கு நான் படிச்சுக் காட்டுறேன்" என்றார். பேசுவதற்குத்தான் எனக்குக் கூச்சம். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தா.பழூருக்குப் பக்கம். சுற்றிலும் நெல் வயல், வாய்க்கால். வாய்க்கால் இருக்கிற இடத்தில் கொசு இல்லாமல் இருக்குமா? அதனால் நோய் வரும் என்று எங்களுக்குத் தெரிந்ததில்லை. சாயங்காலமானால் வேப்பிலையைப் புகை போடுவோம், அவ்வளவுதான்.

கடைக்குட்டி மகன் தவழ்கிற வயசில் எனக்கு முதல் காய்ச்சல் வந்தது. தொடையிடுக்கில் நெறி கட்டி, உதறல் எடுத்து, போர்வை மேல் போர்வை போட்டும் அடங்கவில்லை. காய்ச்சல் விட்ட பிறகு பாதம் லேசாக உப்பியிருந்தது. பிறகு வருசத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை என்று அந்தக் காய்ச்சல் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் கால் கொஞ்சம் பெருத்தது. பக்கத்து ஊரில் நாட்டு வைத்தியர் ஒருத்தர் இருந்தார். அவர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "கால்ல நீர் எறங்கியிருக்கு. உள்ள நீர் கட்டுன கால்ல வெளித்தண்ணி படவே கூடாது. பட்டா அதையும் இழுத்துக்கும்" என்று சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் என் காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட விடவில்லை.

இதை நான் விவரமாகச் சொல்ல வேண்டும். அவர் அதிகம் பேசாத மனுஷர். புடவை வாங்கி வந்தால்கூட "அங்க வச்சிருக்கேன்" என்பதோடு சரி. அவர் பிரியத்தைக் காட்டியது என் காலிடம்தான். நடவுக்குப் போக வேண்டாம் என்று நிறுத்தினார். தண்ணீர்க் குடத்தை அவரே தூக்கினார். எங்கள் பக்கம் ஆம்பளை குடம் தூக்கினால் கேலி பேசாமல் விடுவார்களா? "என்னா மாமா, இடுப்புல வைக்கத் தெரியலியா? அத்தைகிட்ட கத்துக்க வேண்டியதுதானே?" என்று பம்படியில் பெண்கள் சிரிப்பார்கள். அவர் காதில் வாங்க மாட்டார். வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் செங்கல் பதித்தார், மழையில் நான் சேற்றை மிதிக்கக் கூடாது என்று.

குளிப்பதற்கு ஒரு பை செய்து கொடுத்தார். உரச்சாக்கின் உள்ளே பிளாஸ்டிக் பை இருக்குமே, அதை வெட்டி, என் கால் நுழைகிற அளவுக்குக் கோணி ஊசியால் தைப்பார். தையல் ஓட்டைகளில் மெழுகைத் தேய்ப்பார். முட்டிக்குக் கீழே சைக்கிள் டியூப் துண்டால் கட்டிக்கொண்டு நான் குளிக்க வேண்டும். பை கிழிவதற்கு முன்னாலேயே புதுப் பை ஆணியில் தொங்கும். குளித்து முடித்துப் பையிலிருந்து கால் வெளியே வந்ததும் சாம்பலையும் மஞ்சள்தூளையும் தடவி, துணி சுற்றிக்கொள்வேன். காய்ச்சல் வந்தால் மணலை வறுத்து ஒத்தடம்.

தெருவில் எல்லாரும் சொல்வார்கள், "பொண்டாட்டிய வச்சுப் பாத்துக்கிட்டா இவரு மாதிரி பாத்துக்கணும்" என்று. எனக்கு வெட்கமாக இருக்கும். உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும். பொய் சொல்வானேன்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. காய்ச்சல் வந்தது. வழக்கமாக வருகிறதுதானே என்று கஷாயம் குடித்துப் படுத்தேன். இந்தத் தடவை இறங்கவில்லை. கால் சிவந்து, தொட்டால் அடுப்புக் கல் மாதிரி சுட்டது. துணியைப் பிரித்தபோது ஒரு நாற்றம். என் மருமகள் சாந்திதான் முதலில் பார்த்தாள். சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் கறுத்துக் கிடந்தன. "அத்தே, இது நல்லால்ல" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போய் வாந்தி எடுத்தது எனக்குக் கேட்டது. திரும்பி வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல என் தலையைக் கோதிவிட்டாள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இவள்தான் எனக்கு எல்லாம்.

ஜெயங்கொண்டத்தில் தனியார் டாக்டர் ஒருத்தரிடம் முதலில் போனோம். அவர் தூரத்தில் நின்றே பார்த்தார். "முட்டிக்குக் கீழ எடுக்க வேண்டி வரலாம். இங்க முடியாது. அரியலூரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். எடுப்பது என்றால் எதை எடுப்பது என்று எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. ஆட்டோவில் எங்கள் வீட்டுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து, சாரல் அடிக்கிற பக்கம் தன் துண்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். அப்போதும் என் கால் நனையக் கூடாது அவருக்கு.

பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டம். தள்ளுவண்டியில் என்னைப் படுக்க வைத்து வராந்தாவில் விட்டிருந்தார்கள். போகிற வருகிறவர்கள் எல்லாம் என் காலைப் பார்க்கிறார்கள். இத்தனை வருசம் மறைத்த கால், சந்தையில் வைத்த பூசணிக்காய் மாதிரி கிடந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். முகத்தை மூடினால் கால் யாருடையது என்று தெரியாதல்லவா.

அங்கே இருந்த லேடி டாக்டர் வயசில் சின்னவர். கையுறை போட்டு, முகம் சுளிக்காமல் விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரை இருக்கிறதா என்று. இல்லை. காலுக்கு ரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டை ஒரு சின்ன அட்டையில் விட்டுப் பார்த்தார்கள். அந்த அட்டை, யானைக்கால் புழு உடம்பில் இருக்கிறதா என்று காட்டுமாம்.

டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். நான் புரிந்துகொண்ட மாதிரி எழுதுகிறேன். நம் உடம்பில் ரத்தக் குழாய் போக இன்னொரு வகைக் குழாயும் உண்டு. வயலுக்கு வடிகால் மாதிரி. உடம்பில் கசிகிற நீரை வடித்து மறுபடி ரத்தத்தில் சேர்ப்பது அதன் வேலை. கொசு கடிக்கும்போது உள்ளே வருகிற புழு, நூல் மாதிரி வளர்ந்து அந்த வடிகாலில் கூடு கட்டிக்கொள்கிறது. வடிகால் கெட்டுப் போனால் வயலில் நீர் தேங்கத்தானே செய்யும்? அப்படித்தான் கால் வீங்குகிறது. வீங்கின காலில் தோல் வெடிக்கும். விரல் இடுக்கில் புண்ணாகும். அந்த வழியாகக் கிருமி நுழைந்தால் காய்ச்சல். எனக்கு வருசா வருசம் வந்தது அதுதான். இந்தத் தடவை கிருமி தோலுக்கு அடியில் பரவி விட்டது.

பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். என் முழங்காலுக்குக் கீழே, சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே காலைச் சுற்றி ஒரு கோடு போட்டார்.

"மருந்து ஏத்துறோம்மா. செவப்பு இந்தக் கோட்டுக்குக் கீழயே நின்னா காலு நிக்கும். கோட்டத் தாண்டி மேல ஏறுனா, உசுரா காலான்னு பாக்க வேண்டி வரும்."

அந்தக் கோடுதான் என் ஆஸ்பத்திரி நாட்கள். விடிந்தால் எல்லாரும் கண்ணைக் கசக்கி வெளிச்சத்தைப் பார்ப்பார்கள். நான் அந்தக் கோட்டைப் பார்ப்பேன்.

பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது. சாந்திதான் என்னோடு இருந்தாள். எங்கள் வீட்டுக்காரர் வராந்தாவில், வார்டு வாசலுக்கு எதிரே துண்டை விரித்துக் கிடந்தார். யார் கதவைத் திறந்தாலும் எழுந்து நிற்பார். சாந்தி வெளியே போனால் ஒரே கேள்விதான்.

"கோட்டத் தாண்டிச்சா?"

"இல்ல மாமா."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன் மாமா. நீங்க மொதல்ல இட்டிலியத் தின்னுங்க."

பக்கத்துக் கட்டிலில் பட்டம்மாள் என்று ஒருத்தி. குரும்பலூர்க்காரி. பெரம்பலூரில் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, அரியலூரில் மகள் வீட்டோடு இருப்பதால் இங்கே வந்து சேர்ந்திருந்தாள். சர்க்கரை வியாதியில் வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். அவளுக்கு வாய் மட்டும் ஓயாது. "உம் புருசன் நிக்கிற நிப்புக்கு வாட்ச்மேன் உத்தியோகமே குடுக்கலாம்டி. எனக்கும் ஒருத்தன் இருந்தான். நான் செத்துட்டா எந்தப் பக்கம் தல வைக்கிறதுன்னு கூடத் தெரியாது அவனுக்கு" என்பாள். ஒரு நாள் தன் மகளிடம், "அந்தச் செருப்பு ஜோடியில ஒண்ணு மிச்சமாயிருக்கும், தூக்கிப் போட்டுறாத. இவளுக்கும் எடுத்தாங்கன்னா ரெண்டு பேரும் பங்கு போட்டுக்குவோம்" என்றாள். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு ரொம்ப நேரம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தேன். அவளும் அந்தப் பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தாள்.

சேர்ந்த மறுநாளே காலைக் கழுவ சிஸ்டர் வந்தார். பேசினில் தண்ணீர், சோப்பு. நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"வேண்டாம்மா. தண்ணி ஆகாது."

"யாரு சொன்னா?"

 சிஸ்டர் அதற்குள் துணியைப் பிரித்து, விரல் இடுக்கில் ஒட்டிப் போயிருந்த சாம்பலையும் மஞ்சளையும் பார்த்துவிட்டார். அது காய்ந்து, அடை மாதிரி கிடந்தது. அதற்கடியில்தான் புண்.

"எத்தன நாளா கழுவல ஆயா?"

சாந்திதான் சொன்னாள். "நாளில்ல சிஸ்டர். முப்பது வருசம் இருக்கும். எங்க மாமா தண்ணியே பட விடமாட்டாரு." அவள் பெருமையாகத்தான் ஆரம்பித்தாள். பையைப் பற்றி, மெழுகைப் பற்றி எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல சிஸ்டரின் முகம் மாறுவதைப் பார்த்து அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"அய்யோ ஆயா" என்றார் சிஸ்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இந்தக் காலுக்கு மருந்தே தண்ணியும் சோப்பும்தான். உள்ள தேங்குற நீரு வேற. வெளிய ஊத்துற தண்ணி உள்ள போவாது. தெனம் கழுவித் தொடச்சிருந்தீங்கன்னா பாதி காய்ச்ச வந்திருக்காது. இவ்வளவு பெருசாவும் ஆயிருக்காது."

தண்ணீரை ஊற்றினார். முப்பது வருசத்துக்குப் பிறகு என் பாதத்தில் தண்ணீர். காய்ச்சலில் வெந்துகொண்டிருந்த காலில் அது எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. வலிக்கிறது என்று நினைத்து சிஸ்டர் மெதுவாகக் கழுவினார்.

அவர் போனதும் சாந்தி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

"மாமாட்ட சொல்ல வேணாம் அத்தே."

"வேணாம்" என்றேன்.

கால் போனாலும் போகட்டும், இது மட்டும் அவர் காதுக்குப் போகக் கூடாது என்று இருந்தது எனக்கு.

இரண்டு நாள் கழித்து சாந்தி வெளியே போய்விட்டு வந்தவள், கையில் ஒரு பொட்டலத்தோடு கட்டிலருகில் நின்றாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. வார்டு பாத்ரூமில் தரையெல்லாம் ஈரம் என்று யாரோ பேசிக்கொண்டது எங்கள் வீட்டுக்காரர் காதில் விழுந்திருக்கிறது. கடைத்தெருவுக்குப் போய், உரக்கடையில் கெஞ்சிக் காலிச் சாக்கு வாங்கி, ஊசியும் மெழுகுவத்தியும் வாங்கி, வராந்தாவில் உட்கார்ந்து புதுப் பை தைத்துக் கொடுத்தனுப்பியிருந்தார். கட்டுப் போட்ட கால் என்பதால் கொஞ்சம் அகலமாகவே தைத்திருந்தார்.

அதை வாங்கி என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பட்டம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை.

கறுத்துப் போன இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டதால் வலி தெரியவில்லை. துணி மறைத்திருந்தது. ஒரு தட்டில் ஏதோ வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு சிவப்பு இறங்க ஆரம்பித்தது. ஒரு நாள் காலை டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "கோட்டுக்குக் கீழ எறங்கிருச்சும்மா. காலு ஒங்களுதுதான்" என்றார். சாந்தி ஓடினாள். வெளியே அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.  தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம்.

பணம் கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்தப் பயம் ஆட்டோவில் ஏறும்போதே இருந்தது. கவர்ன்மெண்டு ஆஸ்பத்திரி என்பதால் அது மட்டும் தப்பித்தோம். வீங்கின கால் பழையபடி ஆகாது என்பதையும் டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். கெட்ட வடிகால் கெட்டதுதான். இனி கெடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று ஒரு பை கொடுத்தார்கள். பிளாஸ்டிக் டப்பு, தண்ணீர் மொள்ள ஒரு மக்கு, சோப்பு, துண்டு, களிம்பு. எங்கள் வீட்டுக்காரர் அந்த டப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னாத்துக்கு இது? மாவு பெசையவா?" என்று கேட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு. சாந்தி குறுக்கே பேசப் பார்த்தாள். அதற்குள் புதுசாக டியூட்டிக்கு வந்த ஒரு சிஸ்டர், பாவம், அவருக்கு எங்கள் கதை தெரியாது, வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். தினமும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விரல் இடுக்கு எல்லாம் கழுவ வேண்டும். சாம்பல், மஞ்சள் எதுவும் கூடாது. படுக்கும்போது காலைத் தலையணை மேல் தூக்கி வைக்க வேண்டும்.

அவர் தலையாட்டாமல் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப, ஆரம்பத்துலேருந்து கழுவியிருந்தா?"

"வெரலு போயிருக்காதுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஊர் வரும் வரைக்கும் அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் "ஏங்க" என்றேன் ஒரு தடவை. "கண்ண மூடிக்க, ஒடம்புக்கு அசதியா இருக்கும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் கொல்லை ஆணியில் தொங்கிய பைகளைக் காணோம். எங்கே போட்டார் என்று நான் கேட்கவில்லை. என் இடுப்பு வளையாது, முட்டி மடங்காது. என் பாதத்தை நானே எட்ட முடியாது. காலையில் சாந்திதான் கழுவி விட்டாள். அவள் டப்பை எடுக்கிற சத்தம் கேட்டால் அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். வயலில் வேலை இல்லாத நாளிலும் போவார். தண்ணீர்க் குடத்தைத் தொடவில்லை. என் காலைப் பார்க்கவில்லை. இத்தனை வருசம் அவர் என்னோடு பேசிய பேச்சு அந்தக் காலை வைத்துத்தான். அது நின்றதும் எங்களுக்குள் பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பட்ட வேதனையை விட இது பெரிசாக இருந்தது.

அந்த அட்டையில் எனக்குப் புழு இருப்பது தெரிந்ததால் சுகாதார ஆட்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். ராத்திரி விளக்கு வைத்த பிறகுதான் வந்து ரத்தம் எடுத்தார்கள். அந்தப் புழு போடுகிற குட்டிகள் பகலில் உள்ளே பதுங்கியிருந்து, இரவில்தான் ரத்தத்தில் ஓடுமாம். கொசுவும் அப்போதுதானே கடிக்கிறது. வீக்கமே இல்லாத சிலருடைய ரத்தத்திலும் இருந்தது. அதனால் தெரு முழுக்க, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லாரும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று நர்சம்மா வீடு வீடாக வந்தார். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் மட்டும் கிடையாது. சோறு சாப்பிட்டுவிட்டு, மாத்திரையை அவர் கண் முன்னால் விழுங்க வேண்டும். எங்கள் ஜனங்களைத் தெரியாதா? "அப்பறம் போட்டுக்கறேன்" என்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, சாயங்காலம் குப்பையில் போட்டுவிடுவார்கள். நன்றாக இருக்கிற உடம்புக்கு எதற்கு மருந்து என்பதுதான் பேச்சு.

எங்கள் வீட்டு வாசலில் நர்சம்மா நிற்கும்போதுதான் எதிர்வீட்டு ராசாத்தி வந்தாள். கூடவே அவள் மருமகள் அஞ்சலை. போன வருசம் கல்யாணமாகி வந்த பெண். அவள் வலது பாதம் உப்பி, கொலுசு ஏறாமல் இருந்தது.

ராசாத்தி நர்சம்மாவைக் கண்டுகொள்ளவில்லை. எங்கள் வீட்டுக்காரரிடம்தான் பேசினாள். "அண்ணே, எம் மருமவளுக்கும் நீரு எறங்கிருச்சு. அண்ணிக்குத் தச்சுக் குடுப்பீங்கல்ல, அந்தப் பை, அது மாதிரி ஒண்ணு தச்சுக் குடுங்க. நானும் தண்ணி படாமத்தான் பாத்துக்கறேன்."

நர்சம்மா, "தண்ணி படலாம்மா, கழுவணும்" என்று ஆரம்பித்தார்.

"நீ சும்மாயிரு தாயி. நீ நேத்து வந்த பொண்ணு. இந்த அண்ணன் முப்பது வருசமாப் பாத்துக்கிட்டாரு. ஒரு சொட்டு விட்டிருப்பாரா? கேட்டுப் பாரு."

அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து வயலுக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அஞ்சலையின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் சின்னதாக, குழந்தைக் கால் மாதிரி உப்பியிருந்தது. என்னுடையதும் முதலில் அப்படித்தான் இருந்தது.

"பாத்துக்கிட்டேன்" என்றார். "பாத்துப் பாத்துத்தான் கெடுத்தேன். இவ ரெண்டு வெரலு என்னாலதான் போச்சு ராசாத்தி."

"அய்யய்ய, என்னா அண்ணே..."

"பையெல்லாம் கெடையாது. சாந்தி, அந்த டப்ப எடுத்தா."

நான் உள்ளே போகப் பார்த்தேன். ராசாத்தி நிற்கிறாள், அஞ்சலை நிற்கிறாள், வெளி ஆள் நர்சம்மா நிற்கிறார். எங்கள் வீட்டுக்காரர் ஸ்டூலைக் கட்டிலுக்கு எதிரே இழுத்துப் போட்டு, "உக்காரு" என்றார். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். "இந்தா, உக்காரு" என்றார் மறுபடி. அந்தக் குரல் கெஞ்சுகிற குரல். அப்படி ஒரு குரல் அவருக்கு உண்டு என்று எனக்குத் தெரியாது. உட்கார்ந்தேன். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

அவர் தரையில் உட்கார்ந்து என் பாதத்தைத் தூக்கி டப்பில் வைத்தார்.

ராசாத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அண்ணே, அண்ணே, பொண்டாட்டி காலப் போயி ஆம்பளை தொடலாமா? பாவம்ணே!"

"பாவத்த நான் பாத்துக்கறேன். நீ அந்தப் புள்ள காலப் பாரு."

தண்ணீரை ஊற்றினார். சோப்பு தேய்த்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப் போன கை, அழுத்தித்தான் தேய்த்தது. நர்சம்மா குனிந்து, "அழுத்தாதீங்க ஐயா. வெரலு இடுக்குல, ஒவ்வொரு இடுக்கா" என்று சொல்லிக்கொடுத்தார். அவர் கட்டைவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு இடுக்காக வந்தார். விரல்கள் இல்லாத இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. முந்தானை வழியாக எனக்குத் தெரிந்தது. அவர் தலை குனிந்தே இருந்தது.  அஞ்சலை மெதுவாக வந்து, ஸ்டூல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தன் பாதத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டாள். ராசாத்தி அவளைத் தடுக்கவில்லை. நர்சம்மா நீட்டிய மாத்திரையை அவளே வாங்கி வாயில் போட்டு, எங்கள் சொம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"கழுவியாச்சு ஐயா" என்றார் நர்சம்மா. "இப்ப துண்டால நல்லா ஒத்தி எடுங்க. இடுக்குல ஈரமே நிக்கக் கூடாது. நின்னா மறுபடி புண்ணாவும்."

அவர் நிமிர்ந்தார். "ஈரம் நிக்கக் கூடாதா?"

"ஆமாங்க. துளி ஈரம் கூட ஆவாது."

"கூடாதுல்ல?" என்று மறுபடி கேட்டார். நர்சம்மாவுக்கு அது ஏன் என்று புரியவில்லை. "கூடாதுங்க" என்றார்.

நான் முந்தானையை விலக்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, துண்டின் நுனியைத் திரித்து, இருக்கிற விரலுக்கும் இல்லாத விரலுக்கும் நடுவில் துடைக்க ஆரம்பித்தார். நர்சம்மா அடுத்த வீட்டுக்குப் போனார். ராசாத்தியும் அஞ்சலையும் போனார்கள். கால் எப்போதோ காய்ந்துவிட்டது. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். போதுமென்று நான் சொல்லவில்லை.